இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி

நேமத்தான்பட்டி ஊரணியில்
ஆறடி இரும்புக் குழாய் நட்டு
அதன் தலையில் வெள்ளைப் பெட்டி ஒன்று வைத்தோம்.
தண்ணீர் எத்தனை விரற்கடை இறங்கிற்று என்று
மணிக்கொருமுறை அது சொல்லும்.

ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து:
பெட்டிக்குள் ஓடும் நிரல் அனைத்தும்
எவரும் படிக்க, திருத்த, பகிரத் தக்கதாய் இருக்கவேண்டும்.
கேட்டு எழுதவைத்தவள் நான்.
அதன் கீழ் கையெழுத்துப் போடவேண்டியவளும் நான்தான்.

காரைக்குடி செக்காலை ரோட்டு மாடியில்
கரண்ட் போன மதியம்
அமலதாஸ் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.
ரேடியோ சில்லை எழுப்பும் கோப்பு.
தலைப்பில் பொது உரிமம்,
எழுத்துக்கு எழுத்துச் சரி.
அதன் கீழே
மூன்று ஏ, எஃப் எஃப், பூஜ்ஜியம் பூஜ்ஜியம், ஒன்பது சி
என்று பதினோராயிரம் வரி.

"எவனாவது இதைக் கையால எழுதியிருப்பானா?"
"மாட்டான்."
"அப்ப இது மூலமா?"

திருத்துவதற்கு உகந்த வடிவமே மூலம் என்கிறது உரிமம்.
நான் ஒரு எண்ணைத் திருத்தினேன்.
ரேடியோ வாயை மூடிக்கொண்டது.
பழையபடி வைத்தேன்.
பேசியது.
இந்த ஜென்மத்தில் அதில் என் திருத்தம் அவ்வளவுதான்.

புதிய பதிப்பில் அவர்களே
எண்களைத் தனிக் கோப்பாக்கி
தனி உரிமம் எழுதிவிட்டார்கள்:
நகலெடுக்கலாம். கொடுக்கலாம்.
மாற்றக் கூடாது. பிரித்துப் பார்க்கக் கூடாது.
எங்கள் சில்லோடு மட்டும்.
படித்தபோது கோபம் வரவில்லை,
பொய்த் தலைப்பாவது போயிற்றே என்றிருந்தது.

அமலதாஸ் விடவில்லை.
"இதையே சில்லுக்குள்ள எரிச்சு அனுப்பியிருந்தா
வன்பொருள்னு சும்மா இருந்திருப்போம்.
காசு மிச்சம் பிடிக்க
உள்ளிருந்த நினைவகத்தை எடுத்துட்டான்.
ஒவ்வொரு தடவையும் நாம ஊட்டிவிட வேண்டியிருக்கு.
அதனால கேள்வியும் நம்ம கைக்கு வந்துருச்சு."

நிறுவனத்துக்கு எழுதினோம்.
மூலம் கிடைக்குமா?
ஒரே வரியில் பதில்:
ஆண்டுக்கு எத்தனை லட்சம் வாங்குவீர்கள்?
எங்களுக்குப் பதினான்கு ஊரணி.

என் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதினார்கள்.
இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள்.
நான் உள்ளே, கழுத்தெல்லாம் கனக்க,
வியர்த்துக்கொண்டிருந்தேன்.
என்ன எழுதியிருந்தது என்று
பதினாறு வருடம் கழித்துத்தான் படித்தேன்,
அதுவும் விவாகரத்து வக்கீல் கேட்டதால்.
அன்றிலிருந்து எந்த உரிமத்தையும்
கடைசிப் புள்ளி வரை படிக்காமல்
'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்துவதில்லை.
அமலதாஸ் இதை வியாதி என்பான்.

ஊராட்சி அலுவலகத்தில்
செயலர் அழகுமலை இருப்புப் பதிவேட்டை விரித்தார்.
பெட்டி ஒன்று. குழாய் ஒன்று. சூரியத் தகடு ஒன்று.
"அப்புறம்?"
"நிரல், இருபத்தாறு கோப்பு.
இருபத்தஞ்சைத் திறக்கலாம் சார்.
ஒண்ணைத் திறக்க முடியாது."
"உள்ள என்ன இருக்கு?"
"தெரியாது."
"யாருக்குத் தெரியும்?"
"தைவான்ல யாருக்கோ."

அவர் அதிசயப்படவில்லை.
பேனாவை உதறினார்,
ஏழாவது ஷரத்தில் 'அனைத்தும்' என்பதை அடித்து
'ஒன்று நீங்கலாக' என்று எழுதி இனிஷியல் வைத்தார்.
பதிவேட்டில், சூரியத் தகடுக்குக் கீழே:
கோப்பு, 1. பூட்டியது. சாவி ஊராட்சியிடம் இல்லை.

இரண்டு வருடமாய் மடலாடலில்
நாங்கள் முட்டி மோதிய எதுவும்
இவ்வளவு சுருக்கமாய் இருந்ததில்லை.

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.
"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."
படித்தேன். போட்டேன்.

நான்கு மணிக்குப் பெட்டி பேசியது:
மூன்றடி, இரண்டங்குலம்.
அமலதாஸ் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான்.
இரு, என்றேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
மர அளவுகோலோடு
ஊரணிப் படியில் இறங்கினேன்.